ஏன் இங்கே? பொட்டிப்புரத்திலிருந்து மாரிக்குப்பம் வரை ஏழு நாள்

முதல் நாள், திங்கள். பொட்டிப்புரம்

தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கம்பி இழுத்தவன் நான். எந்தத் தெருவில் நடந்தாலும், இந்தக் கம்பம் ஏன் இங்கே நிற்கிறது, நாலடி தள்ளி நட்டால் என்ன என்று மனம் தானாகக் கணக்குப் போடும். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. இந்தப் பயணத்துக்கே அதுதான் காரணம். அரசாங்கம் நம் பணத்தில் மலையிலும் காட்டிலும் கட்டி வைத்திருக்கிற பெரிய ஆய்வுக்கூடங்களில் சிலவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: ஏன் இங்கே?

துணைக்கு மைத்துனர் வருகிறார். பள்ளியில் புவியியல் நடத்தியவர். மேப் இல்லாமல் வாசற்படி இறங்கமாட்டார். "அத்தான், முதலில் நம் ஊர் மலையையே கேட்போமே" என்றார். அதனால் தேனியிலிருந்து தேவாரம் பஸ்ஸில் ஏறினோம்.

பொட்டிப்புரத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்பரப்பர் மலை இருக்கிறது, அடிவாரத்தில் வேலி இருக்கிறது, வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகள் மேய்கின்றன. நியூட்ரினோ என்கிற, எதையும் ஊடுருவிப் போகிற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் இங்கேதான் வருவதாக இருந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். மலையின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை குடைந்து, 50,000 டன் இரும்பை அடுக்கி, அதைக் காந்தமாக்கி உட்கார வைப்பது திட்டம். வானத்திலிருந்து பொழிகிற மற்றத் துகள்களைத் தடுக்க, தலைக்கு மேல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருக்க வேண்டும். இந்த மலை முழுக்கச் சார்னோக்கைட் என்கிற உறுதியான கல். பாறை, உயரம், உறுதி என்று வரிசையாகக் கேட்டால் "ஏன் இங்கே" என்பதற்கு இந்த மலை நன்றாகவே பதில் சொல்லும்.

ஆனால் கேள்வியை ஊர்க்காரர்களும் கேட்டார்கள், வேறு குரலில். வெடி வைத்தால் கிணறு என்னாகும், கல் ஏற்றிய லாரிகள் எந்தப் பாதையில் போகும், பக்கத்து மதிகெட்டான் சோலைக் காடு என்னாகும் என்றார்கள். வழக்குகள் நடந்தன. 2022-இல் அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. எனக்கு இரண்டு பக்கமும் உறவு இருக்கிறது. கல்யாண வீட்டில் பேச்சு வந்தால் பந்தியைப் பார்த்து நடந்துவிடுவேன். இங்கே எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்: நியூட்ரினோவுக்குப் பயந்தவர்கள் வீணாகப் பயந்தார்கள். சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் ஒவ்வொரு வினாடியும் கோடி கோடியாக நம் உடம்பின் வழியே போய்க்கொண்டிருக்கின்றன, நாம் தூங்கும்போதும். லாரிக்கும் தண்ணீருக்கும் பயந்தவர்களை அப்படிச் சொல்லமாட்டேன்.

வேலியோரம் அரை மணி நேரம் நின்றோம். மைத்துனர் மேப்பில் ஒரு பென்சில் வட்டம் போட்டார். பிறகு பெரியகுளம், காட்ரோடு, கொடைக்கானல். மலைப்பாதை வளைவுகளில் அவருக்குத் தலைசுற்றல் வந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள், செவ்வாய். கொடைக்கானல்

வானியல் ஆய்வகத்துக்கு வரும் கூட்டத்தில் பாதி, தூண் பாறைக்குப் போகிற வழியில் வண்டி நின்றதால் இறங்கியவர்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே பிரம்மாண்டமாக ஒன்றும் இல்லை. பழைய கட்டடங்கள், குவிமாடங்கள், 2,343 மீட்டர் உயரத்துக் குளிர்.

ஏன் இங்கே என்பதற்கான பதில் தாது வருடப் பஞ்சத்தில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சூரியனில் புள்ளிகள் கூடுவதற்கும் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது பலர் நம்பினார்கள். சூரியனைத் தினமும் பார்த்து எழுதி வைத்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் அல்லவா? நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த ஆய்வகத்தின் வானம் அதற்குப் போதாது. மிக்கி ஸ்மித் என்பவர் பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் வேலை ஆரம்பமானது.

புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை நிறைவேறவில்லை. ஆனால் பார்க்கிற வேலை நிற்கவில்லை. 1904-லிருந்து, மேகம் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போனான், கண்ணாடித் தட்டு போய் ஃபிலிம் வந்தது, ஃபிலிம் போய் மின்னணுக் கேமரா வந்தது. காலையில் மேகம் இல்லையென்றால் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அந்தக் கண்ணாடித் தட்டுகளை இப்போது கணினியில் ஏற்றி உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நூறு வருடத்துச் சூரியன் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்த மலையையும் தேடி வர வேண்டியிருக்கிறது.

எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் 1909 ஜனவரியில் இங்கே ஒரு சூரியப் புள்ளியை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகிற நிறமாலைமானியில் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வாயு ஓடுவது தெரிந்தது, வினாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில். உலகப் பாடப்புத்தகங்களில் அது இன்றும் எவர்ஷெட் விளைவு.

மைத்துனருக்குப் பிடித்தது சுரங்கத் தொலைநோக்கி. 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்புகின்றன. தரைக்கடியில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகைப்பாதை. அதன் கோடியில் விழுகிற சூரியனின் பிம்பம் 34 சென்டிமீட்டர் குறுக்களவு, நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மைத்துனர் டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் என்றால், பிம்பத்தில் ஒரு மில்லிமீட்டர் 4,000 கிலோமீட்டருக்கு மேல். "அப்படியானால் நம் பூமி அந்தத் தட்டில் 3 மில்லிமீட்டர். மிளகைவிடச் சின்னது, அத்தான்." கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

காட்சிக்கூடத்தில் வெள்ளைத் திரையில் சூரியன் விழுந்திருந்தது. விளிம்பு லேசாகத் துடித்தது, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே பார்ப்பது போல. துடிப்பது சூரியன் அல்ல, நம் காற்று. அந்தத் துடிப்பு எங்கே குறைவோ அந்த இடத்தைத் தேடித்தான் மிக்கி ஸ்மித் மலை மலையாக ஏறியிருக்கிறார். பதினொரு மணிக்கு மேல் பனிமூட்டம் வந்து திரை வெறுமையானது. யாரோ பேரிக்காய் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

பகலுக்கு வாய்த்த மலை இரவுக்கு வாய்க்கவில்லை. 1960-இல் இங்கே இயக்குநராக வந்த வைணு பாப்பு நட்சத்திரங்களைப் பார்க்க வேறு மலை தேடினார். அந்த மலைக்குச் சனிக்கிழமை போகிறோம்.

மூன்றாம் நாள், புதன். பஸ்ஸிலேயே

கொடைக்கானல், பழனி, உடுமலை, கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி. பழனி மலைப்பாதையில் டயர் பஞ்சர். ஒன்றரை மணி நேரம். வேறு செய்தி இல்லை.

வழியில் மைத்துனர் கேட்டது ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். இவற்றுக்கெல்லாம் முதலாளி யார்? கொடைக்கானலும், சனிக்கிழமை பார்க்கப்போகிற காவலூரும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வருகிறது. ஊட்டியில் இருப்பவை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கை. பெயரில் டாடா இருப்பதால் தனியார் என்று நினைத்துவிட வேண்டாம். செலவு அணுசக்தித் துறையினுடையது. ஒரே முதலாளி, தனித்தனிக் கல்லாப்பெட்டி. அந்த முதலாளி நான்தான் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் அரசு பஸ்ஸில் பஞ்சருக்குக் காத்திருந்தோம்.

நான்காம் நாள், வியாழன். முத்தோரை

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுவேன். கம்பிக்காரனுக்கு இது கோயில்.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா போகிற வழியில், கேரட் தோட்டங்களுக்கு மேலே, மலைச்சரிவில் சாய்ந்து படுத்திருக்கிறது ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேல் பாதி மூடுபனிக்குள் இருந்தது. 24 பரவளையச் சட்டங்கள் வரிசையாக ஏறிப்போய், பத்தாவதோ பதினொன்றாவதோ பாதி கரைந்து, பிறகு வெறும் வெள்ளை. முழுதாகத் தெரிந்திருந்தால் இவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை.

வாசலிலேயே கைபேசியை அணைத்துவிட்டோம். வானத்தின் எந்தக் கோடியிலிருந்தோ வருகிற முனகலைக் கேட்கிற காது இது. பக்கத்தில் ஒரு கைபேசி வாய் திறந்தால் அதன் காது அடைத்துவிடும். ஊர் ஊராகக் கோபுரம் வைத்த துறையில் சம்பளம் வாங்கியவன் என்பதால் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போனேன்.

ஏன் இங்கே? இதைப் போல அழகான பதிலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பூமி சுழல்கிறது, அதனால் வானத்துப் பொருள்கள் நகர்வது போலத் தெரிகின்றன. ஒன்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் தொலைநோக்கி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால் ஒரே ஒரு சுழற்சி போதும், கதவைக் கீலில் திருப்புவது போல. ஊட்டி இருப்பது வடக்கே 11 டிகிரி அட்சரேகையில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆகவே வடக்கு நோக்கி 11 டிகிரி ஏறுகிற மலைச்சரிவு ஒன்று கிடைத்தால், அதன் மேல் தொலைநோக்கியைப் படுக்க வைத்தாலே அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்துவிடும். டாடா நிறுவனத்து ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அப்படி ஒரு சரிவைத் தேடிக் கண்டுபிடித்தார். 1970-இல் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது.

மைத்துனர் டைரியை எடுத்துவிட்டார். இதையே டெல்லியில் கட்டியிருந்தால் 28 டிகிரிக்கு மேல் சரிவு வேண்டும், கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் 250 மீட்டர் வித்தியாசம். இங்கே நூறு மீட்டர் சொச்சத்தில் முடிந்துவிட்டது. "தெற்கே பிறந்ததில் இப்படியும் ஒரு லாபம்" என்றார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏழை நாட்டுக்குப் பணக்கார நாட்டால் வாங்க முடியாத ஒரு மலை சும்மா கிடைத்திருக்கிறது.

பிரதிபலிப்பான் என்றதும் தகடு என்று நினைத்திருந்தேன். தகடு இல்லை, கம்பி. துருப்பிடிக்காத எஃகில் நூல் போன்ற 1,100 கம்பிகள், ஒவ்வொன்றும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 530 மீட்டர். காற்று ஊடே போய்விடுகிறது. ஆனால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அலைநீளத்தில் வருகிற ரேடியோ அலைக்கு அது முழுச் சுவர். மூடுபனி அந்தக் கம்பிகளில் முத்து முத்தாகக் கோத்திருந்தது. கம்பியின் தொய்வைக் கண்ணால் அளப்பது என் தொழில். கீழே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் குறை சொல்லத் தோன்றவில்லை, என் வாழ்நாளில் முதல் முறையாக.

குவிமையத்தில் 1,056 இருமுனை ஆண்டெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்கு மேற்காகத் திருப்ப மோட்டார்கள். வடக்கு தெற்காகப் பார்வையை நகர்த்த இரும்பு எதுவும் அசைவதில்லை. ஆண்டெனாக்களிலிருந்து வருகிற குறிகைகளை ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாகச் சேர்த்தால் பார்வை தானே சாய்ந்துவிடுகிறது. மைத்துனருக்கு இது மந்திரம் போலிருந்தது. எனக்குப் பழைய நண்பரைப் பார்த்தது போலிருந்தது.

இவ்வளவு நேரம் ஒன்றையே தொடர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் எதற்கு? நிலாவுக்காக. அந்தக் காலத்தில் ரேடியோ அலை அனுப்புகிற ஒரு பொருள் வானத்தில் இந்தப் பக்கமாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தது, சரியாக இன்ன புள்ளி என்று சொல்ல முடியவில்லை. நிலாவின் விளிம்பு கூர்மையானது, அது எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது பஞ்சாங்கம் போலத் துல்லியமாகத் தெரியும். நிலா அந்தப் பொருளை மறைக்கிற நொடியில் சத்தம் சட்டென்று நிற்கும், விலகும்போது திரும்ப வரும். அந்த இரண்டு நொடிகளைக் குறித்தால் இடம் கிடைத்துவிடும். கோடிக்கணக்கில் கருவி வாங்க முடியாதவர்கள் நிலாவையே கருவியாக்கிக்கொண்டார்கள்.

ஸ்வரூப்பின் குழு இந்தியாவில் முதலில் நிறுவியது சிட்னியிலிருந்து அன்பளிப்பாக வந்த 32 சின்னத் தட்டு ஆண்டெனாக்களை. 1965-இல் மும்பைக்குப் பக்கத்தில் கல்யாணில் வைத்தார்கள். அங்கே பழகிய கை இங்கே வந்தது. இங்கே பழகிய கை புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் போய் 45 மீட்டர் விட்டத்தில் 30 தட்டுகளை நிறுத்தியது. மைத்துனரின் மேப்பில் பென்சில் கோடுகள் கூடிக்கொண்டே போகின்றன.

மாலையில் காஸ்மிக் கதிர் ஆய்வகம். புல்வெளியில் எட்டு மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கூரை போட்ட பெட்டிகள், சுமார் 400. தேனீ வளர்க்கிறார்கள் என்று நினைத்து யாராவது ஏமாந்தால் வியப்பில்லை. விண்வெளியிலிருந்து வேகமாக வருகிற துகள் ஒன்று மேலே காற்றில் மோதினால், அது உடைந்து ஆயிரமாக லட்சமாகப் பெருகிக் கீழே சாரல் போல விழும். அந்தச் சாரல் எந்தெந்தப் பெட்டியில் எப்போது பட்டது என்று பார்த்து, வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். மலை உச்சியில் காற்றின் போர்வை மெல்லியது. ஏன் இங்கே என்பதற்கு அதுவே பதில்.

பக்கத்தில் கான்கிரீட் கூரைகளுக்கு அடியில் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள், 3,712. அந்தச் சாரலில் கான்கிரீட்டையும் துளைத்துக்கொண்டு வருகிற மியூவான் என்ற துகள்களை மட்டும் அவை எண்ணுகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் தேவைப்படும்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் இடியுடன் மழை. பதினெட்டு நிமிடங்களுக்கு மியூவான் எண்ணிக்கை கொஞ்சமாகக் குறைந்தது, நூற்றில் இரண்டு. மேகத்துக்குள் இருக்கிற மின்னழுத்தம் மியூவான்களைத் தடுத்திருக்கிறது. எவ்வளவு அழுத்தம் இருந்தால் இவ்வளவு குறையும் என்று கணக்கிட்டதில் விடை 130 கோடி வோல்ட். அதற்கு முன்பு பலூன் விட்டு அளந்தவர்களுக்குக் கிடைத்திருந்த அதிகபட்சம் இதில் பத்தில் ஒரு பங்கு. நட்சத்திரத்துக்காக வைத்த வலையில் இடி விழுந்திருக்கிறது.

ஊட்டியை விட்டு இறங்கும் முன் ஒன்று. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் இந்த நீலகிரியின் மறுபக்கம், மசினகுடிக்கு அருகே சிங்காரா. முதுமலை யானைகளின் வழி என்பதால் 2009-இல் மறுக்கப்பட்டுத்தான் எங்கள் மலைக்கு வந்தது. ஏன் இங்கே என்ற கேள்விக்கு யானையும் பதில் சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் நாள், வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில். தூங்கினேன். மைத்துனர் எதிர் இருக்கைக்காரருக்கு அட்சரேகை நடத்திக்கொண்டு வந்தார்.

ஆறாம் நாள், சனி. காவலூர்

வாணியம்பாடி, ஆலங்காயம், பிறகு ஜவ்வாது மலையின் மடிப்புகளுக்குள் காவலூர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். பாப்பு தேடிப்பிடித்த மலை இது. உயரம் 700 மீட்டர் சொச்சம்தான், கொடைக்கானலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உயரம்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டு வந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இருட்டு, மேகமில்லாத இரவுகள், தெற்கு வானம் மூன்றும் சேர்ந்து கிடைத்த இடம் இது என்றார்கள். தெற்கே வர வர, வடநாட்டில் அடிவானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிற நட்சத்திரங்கள் மேலே வந்துவிடுகின்றன. 1968-இல் இங்கே முதலில் வந்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அது கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. தாய்வீட்டுச் சீர்.

1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்துபோகும் என்று உலகமே காத்திருந்தது. மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் மினுக்கி மினுக்கி மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன! பெருமை விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்குப் போனது. அதே இரவில் ஒளி மங்கியதைக் காவலூரும் பதிவு செய்திருந்தது. ஊட்டியில் நிலாவை வைத்துச் செய்த அதே வேலைதான், இங்கே யுரேனஸை வைத்து.

பெரிய குவிமாடத்துக்குள் 2.34 மீட்டர் கண்ணாடி இருக்கிறது. உள்நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றியது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி இதைத் திறந்து வைத்தபோது பாப்பு உயிரோடு இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கு அவர் பெயர். இங்கிருந்து 1988-இல் ராஜமோகன் கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எண் 4130. "ராமானுஜன் எண் என்கிற 1729 கிடைத்திருந்தால் எவ்வளவு பொருத்தம்" என்றார் மைத்துனர். கேட்டு வாங்குகிற எண் இல்லை மாப்பிள்ளை என்றேன்.

இருட்டியதும் பார்வையாளர்களுக்கான சின்னத் தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றோம். பிப்ரவரி என்பதால் திருவாதிரை உச்சிக்கு ஏறியிருந்தது. அதற்குத் தெற்கே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைக் காட்டினார்கள். கண்ணை வைத்தவுடன் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்ததும், நேரே பார்க்காமல் பார்வையை ஓரமாக நழுவவிட்டபோது, சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சு. குளிர் காலையில் கண்ணாடி ஜன்னலில் ஊதியது போல. நடுவில் நாலு சின்னப் புள்ளிகள். புத்தகத்தில் பார்த்த சிவப்பும் ஊதாவும் இல்லை. இது எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. நகர்ந்து மைத்துனருக்கு இடம் விட்டேன், மேகம் வந்துவிட்டது. ஒன்பதரை மணி வரை காத்திருந்தார். விலகவில்லை. "நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, போதும் அத்தான்" என்றார். அவர் குரலில் அது போதவில்லை.

வடக்கே அடிவானத்தில் வெளிச்சம் பரவியிருந்தது. ஊர்கள் வளர்கின்றன. நிறுவனம் அடுத்த தொலைநோக்கிக்கு லடாக்கில் ஹான்லேவுக்குப் போய்விட்டது, 4,500 மீட்டர் உயரத்துக்கு. அங்கே இருக்கிற 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். மைத்துனரின் பென்சில் கோடு மேப்பின் உச்சி வரை போய்விட்டது.

ஏழாம் நாள், ஞாயிறு. கோலார் தங்கவயல்

ஜோலார்பேட்டையிலிருந்து பங்காருப்பேட்டை, அங்கே மாரிக்குப்பம் ரயில். உரிகம், சாம்பியன் என்று சில நிலையங்களுக்குச் சுரங்கங்களின் பெயர். பெட்டிக்குள் முழுக்கத் தமிழ். இந்தச் சுரங்கங்களைத் தோண்டிய கைகளில் பெரும்பாலானவை வடாற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போனவை.

கம்பிக்காரனுக்கு இங்கே இன்னொரு கும்பிடு: 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் மின்கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்திலேயே.

இங்கே பார்ப்பதற்கு ஆய்வுக்கூடம் இல்லை. இருந்தது தரைக்கு அடியில். மேலே தெரிவது தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகளும், மூடிய சுரங்க வாசல்களும், தொழிலாளர் லைன் வீடுகளும்தான். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றதும் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது.

டாடா நிறுவனத்து ஆய்வாளர்கள் 1950களிலிருந்தே இந்தச் சுரங்கங்களில் இறங்கி மியூவான்களை எண்ணினார்கள். கீழே போகப் போகப் பாறை அவற்றை விழுங்கும், எண்ணிக்கை குறையும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான தளத்தில் கருவியை வைத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒன்றுகூட வரவில்லை.

ஊட்டியில் ஒரு நாளைக்கு 400 கோடி. இங்கே இரண்டு மாதத்தில் பூஜ்யம்.

வேறு யாராக இருந்தாலும் கருவி பழுது என்று மேலே ஏறியிருப்பார்கள். கம்பி வேலையில் எனக்கு அந்த மௌனம் பழக்கம். லைன் செத்துவிட்டதா, இல்லை பேசத்தான் ஆள் இல்லையா? டாடா நிறுவனத்து ஆய்வாளர் மேனனும் கூட இருந்தவர்களும் ஆள் இல்லை என்று புரிந்துகொண்டார்கள். மேலிருந்து வருகிற இரைச்சல் முழுக்க நின்றுவிட்ட இடம் இது. ஆகவே இங்கே ஒரு சத்தம் கேட்டால், அது பாறையையே துளைத்து வருகிற ஒன்றின் சத்தமாகத்தான் இருக்க வேண்டும். நியூட்ரினோ. பூமிக்கு அடியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பாறையே சுடுகிற வெக்கையில், கருவிகளைச் சுவர் போல நிறுத்தி வைத்தார்கள், பக்கவாட்டில் வருவதைப் பிடிக்க. 1965-இல் பிடித்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவை முதன்முதலில் கண்டவை இரண்டு குழுக்கள்: ஜப்பானியர்களும் ஆங்கிலேயர்களும் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்த இந்தக் கோலார்க் குழு, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இருந்த குழு. இரண்டு முடிவுகளும் சில நாள் இடைவெளியில் வெளிவந்தன.

ஏன் இங்கே? தங்கத்துக்காக யாரோ ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தார்கள், அதனால். இங்கே யாரும் புதிதாக வெடி வைக்கவில்லை. 1980களில் இதே ஆழத்தில் இரும்புத் தகடுகளை அடுக்கி, புரோட்டான் சிதைகிறதா என்றும் காத்திருந்து பார்த்தார்கள். பொட்டிப்புரத்தில் அடுக்க நினைத்த 50,000 டன் இரும்பு அந்த அடுக்கின் பேரப்பிள்ளை. பேரப்பிள்ளையின் சின்ன மாதிரி ஒன்று, 85 டன், மதுரையில் நின்றுகொண்டிருக்கிறது. மைத்துனர் கடைசிக் கோட்டைக் கோலாரிலிருந்து இழுத்துத் தேனியில் முதல் நாள் போட்ட வட்டத்தில் சேர்த்தார். பென்சில் முனை உடைந்துவிட்டது.

மாரிக்குப்பம் நிலையத்தில் திரும்புகிற ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். அவருடைய அப்பாவும் அதே குழியில்தான்.

"கூண்டில் தங்கத்துக்கு இறங்குகிறவர்களோடு தங்கம் வேண்டாதவர்கள் சிலரும் இறங்குவார்கள் என்று அப்பா சொல்லுவார். அவர்களைப் பற்றியா விசாரிக்கிறீர்கள்? எந்த ஊர்?"

"தேனிப் பக்கம் ஐயா."

"அங்கேதானே அந்த நியூட்ரினோ வேண்டாம் என்றார்கள்?"

"ஆமாம்."

"எங்கள் குழியைக் கேட்டிருக்கலாமே, சும்மாத்தானே கிடக்கிறது."

"உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது என்கிறார்களே" என்றார் மைத்துனர்.

"இறைத்தால் போயிற்று" என்றார் பெரியவர். ரயில் வந்துவிட்டது.